எழுபது மில்லிமீட்டர் தலைமுடி

எனக்குக் கிரேக்கம் தெரியாது. இதை ஒரு கல்லூரி முதல்வர், இரண்டு பேராசிரியர்கள், இருபது மாணவர்கள், என்னைப் பெற்ற அப்பா ஆகியோர் முன்னிலையில், பெரிய திரையில், புரொஜெக்டர் வைத்து நிரூபித்தவள் நான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். (கௌரவம் பேரில்தான். உட்கார நாற்காலி கிடையாது, லேப் ஸ்டூல்தான்.) அங்கே எனக்கு இருந்த ஒரே மரியாதை பவர்பாயிண்டால் வந்தது. காரணம், எனக்கு ஒரு வித்தை தெரியும். a என்று தட்டி, அந்த எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஃபாண்ட் பட்டியலில் Symbol என்பதைச் சொடுக்கினால் அது α ஆகிவிடும். l தட்டினால் λ, q தட்டினால் θ, m தட்டினால் μ. அவ்வளவுதான் வித்தை. எங்கள் டிபார்ட்மென்டில் வேறு யாருக்கும் இது தெரியாததால் சீனியர்கள்கூட பென்டிரைவோடு என்னைத் தேடி வருவார்கள். நானும் ஏதோ ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன்.

இந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நிரந்தர வேலை. நேர்காணல் வியாழக்கிழமை. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக அப்பா ஏற்பாடு செய்திருந்தார். தா.பழூர் மாப்பிள்ளை.

அப்பாவுக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தையல் கடை. எதையும் அளந்து பேசுகிறவர். அவரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். வேலை கிடைத்துவிட்டால் இரண்டு வருஷத்துக்கு வீட்டில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நிற்கிறேன். அப்பா சரி என்றார். வேலை கிடைக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றுகூட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இருபது நிமிஷம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு தலைமுடியின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் எதிர்ச் சுவரில் ஒளி வரிவரியாகச் சிதறும். அந்த வரிகளின் இடைவெளியை அளந்து முடியின் தடிமனைக் கண்டுபிடித்துவிடலாம். இதுதான் என் பாடம். மூன்று நாள் உட்கார்ந்து முப்பது ஸ்லைடு செய்தேன். ஸ்லைடுக்கு நாலு கிரேக்க எழுத்தாவது இருக்கும். (தேவைப்படாத இடத்திலும் இரண்டு வைத்தேன்.)

வியாழக்கிழமை துணைக்கு அப்பாவும் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மூக்குக் கண்ணாடி. வாசலில் நின்ற அட்டெண்டர் அவரை வெளியூரிலிருந்து வந்த நிபுணர் என்று நினைத்து, செமினார் ஹாலில் கடைசி வரிசையில் உட்காரவைத்து டீயும் கொடுத்துவிட்டார். அப்பா மறுக்கவில்லை. ஹாலில் ஏ.சி. இருந்தது.

நான் பென்டிரைவைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு விஷயம் சொன்னார். எல்லா ஸ்லைடும் ஒரே ஃபாண்டில் இருந்தால்தான் முதல்வருக்குப் பிடிக்குமாம். இது ஒரு விஷயமா என்று நான் மொத்தத்தையும் ஒரே பிடியாகத் தேர்ந்தெடுத்து ஃபாண்டை மாற்றினேன். இரண்டு நொடி வேலை. என் பெயர் இருந்த முதல் ஸ்லைடைப் பார்த்தேன், அழகாக இருந்தது. மற்ற இருபத்தொன்பதைப் பார்க்கவில்லை. அவற்றில் Symbol போட்டு நான் வரவழைத்த எழுத்தெல்லாம் வேஷம் கலைந்து பழையபடி a, l, q, m ஆகியிருந்தன.

வகுப்பைத் தொடங்கினேன். மாணவர்களைப் பார்த்துப் பேச வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் நான் தீட்டா என்கிறேன், திரையில் q இருக்கிறது. லாம்டா என்கிறேன், l நிற்கிறது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்வத்தில் பார்க்கிறார்கள் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

ஆறாவது ஸ்லைடில் முதல்வர் கையை உயர்த்தினார்.

"தலைமுடியோட தடிமன் எவ்வளவும்மா?"

"எழுபது சார்," என்று திரையைக் கை காட்டினேன்.

"எழுபது என்னது?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எழுபது மைக்ரோமீட்டர் என்று நான் எழுதியிருந்தது, μ போய் m ஆனதால், எழுபது மில்லிமீட்டர் ஆகியிருந்தது. ஆயிரம் மடங்கு. முதல்வர் விடவில்லை. எழுபது மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு இருக்கும் என்று மாணவர்களைப் பொதுவாகக் கேட்டார். கடைசி வரிசையிலிருந்து தெளிவான குரல் ஒன்று வந்தது.

"ரெண்டே முக்கால் இஞ்சு சார். பேன்ட்டு இடுப்புப் பட்டையே ஒண்ணரை இஞ்சுதான் வைப்போம்."

ஹாலே சிரித்தது. முதல்வர், நிபுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த பேராசிரியை தன் பின்னலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டு, எழுத்து மாறிவிட்டது என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குத்தான் வித்தை தெரியுமே. "ஒரு நிமிஷம் சார்" என்று கம்ப்யூட்டரிடம் ஓடினேன். மறுபடியும் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தேன். Symbol என்பதைச் சொடுக்கினேன்.

கிரேக்க எழுத்து வந்தது. எல்லாமே கிரேக்க எழுத்தாக வந்தது. தலைப்பு, விளக்கம், கல்லூரியின் பெயர், முதல்வரின் பெயர், எல்லாம். Vasuki என்ற நான் ςασυκι ஆகியிருந்தேன். தப்பித்து முன்னே போகலாம் என்று பட்டனை அழுத்திக்கொண்டே போனதில் நேராகக் கடைசி ஸ்லைடுக்குப் போய்விட்டேன். அதில் Τηανκ Ψου என்று பெரிதாக மின்னியது. ஒரு மாணவி அதைப் படித்துப் பார்க்க முயன்று, "டியான்க் சௌ" என்றாள்.

போர்டில் எழுதியாவது சமாளிக்கலாம் என்றால் மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. நான் அதை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அப்பா எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து நீட்டினார். "இதுல எழுது பாப்பா." வெள்ளைப் போர்டில் வெள்ளைச் சாக்பீஸ். அட்டெண்டருக்கு அப்போதுதான் நிபுணர் யாரென்று புரிந்தது. முதல்வர் ரொம்பப் பணிவாக, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார். (இன்னும் சொல்லி அனுப்பவில்லை.)

அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அப்பா மேல் பயங்கரக் கோபம். பாதி வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் இஞ்சு சொன்னது தப்பாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? கணக்கு சரிதாம்ப்பா, எழுத்துதான் மாறிடுச்சு என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன சொல்படி பட்டுப்புடவை கட்டினேன். மாப்பிள்ளை தா.பழூரில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ் எல்லாம் அடிக்கிறவர். பெயர் செந்தில். தனியாகப் பேசச் சொன்னபோது, இவர் தானாக ஓடிவிடட்டும் என்று வியாழக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவேயில்லை. டாக்டரிடம் நோயைச் சொல்வதுபோல் கவனமாகக் கேட்டார். ஃபைலை நடுவில் மூடினேனா என்று விசாரித்தார். இல்லை என்றேன். பிறகு, என் மனசு நோகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கன்ட்ரோல் இசட் அழுத்தியிருக்கலாமேங்க."

செய்ததை ரத்து செய்கிற அந்த இரண்டு பட்டன் எனக்குத் தெரியாதா என்ன? தினமும் அழுத்துகிறவள்தான். ஆனால் அந்த நாலு நாளில் ஒரு தடவைகூட என் மண்டையில் உதிக்கவில்லை. நான் வாயைப் பிளந்து நின்றேன். அதற்கப்புறம்தான் அவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். உள்ளே எங்கள் சிரிப்பைக் கேட்ட பெரியவர்கள் தேதி குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது செந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். போர்டும் சாக்பீஸும்தான். அப்பாவோ அன்றிலிருந்து எந்த அளவையும் நம்புவதில்லை. என் மகள் பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து, குழந்தை இரண்டு கிலோ எண்ணூறு கிராம் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சந்தோஷத்தில் இருக்க, அப்பா மட்டும் நர்ஸ் பின்னாலேயே போய்ச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்.

"ஒருதடவை சரிபாத்துருங்கம்மா. எங்க வூட்டுப் பொண்ணு கிட்ட வந்தா எழுத்து மாறிடும்."