அத்தையின் கிரைண்டரும் என் டிரைவ் பெட்டியும்

புது மருமகள் சாம்பாரில் உப்பை ஜாஸ்தியாகப் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். மாமியாரை உளுந்து மாவில் குளிப்பாட்டினால் மறக்க மாட்டார்கள். நான் இரண்டாவது ரகம்.

வேங்கிக்காலில் என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இட்லி மாவுக் கடை. பக்கத்தில் ஒரு அறை காலியாகக் கிடந்தது. மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து கரன்ட்டை மிச்சம் பிடிக்கும் டிரைவ் பெட்டிகளை அங்கே உட்கார்ந்து விற்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. (படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. வாய் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கியது.)

அத்தை ஒரே நிபந்தனை போட்டார். "மொதல்ல நம்ம கிரைண்டர்ல மாட்டிக் காட்டு. அப்புறம் ரூமைப் பத்திப் பேசலாம்."

விடுவேனா? பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு ஆர்டர் குவிந்திருந்த காலையாகப் பார்த்து (புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ) பெட்டியை மாட்டினேன். மாமா (மாமனார்தான்) ஊறிய உளுந்தைக் கொட்ட, நான் சொற்பொழிவை ஆரம்பித்தேன்.

"எப்பவும் முழு வேகத்துல ஓட வேணாம் மாமா. வேணுங்கற அளவுக்கு ஓடினா போதும், கரன்ட் கம்மி. நிறுத்தினாலும் வெடுக்குனு நிக்காது. மெதுவா நிக்கும். பெல்ட்டுக்கு நல்லது."

கிரைண்டர் பூனை மாதிரி கிளம்பியது. வழக்கமாக அது கிளம்பும்போது கண் சிமிட்டும் டியூப்லைட் அன்று சிமிட்டவில்லை. அத்தையின் புருவம் லேசாக உயர்ந்தது. அது போதாதா எனக்கு? தலைகால் புரியவில்லை.

"இப்ப முழு வேகம் பாருங்க!" என்று, உளுந்து மாவாகிப் பொங்கி வந்த நேரத்தில் குமிழைக் கடைசி வரை திருகினேன்.

முந்தின நாள் வேறொரு குட்டி மோட்டாரைச் சோதிக்க, பெட்டியின் உச்ச வேகத்தை இரண்டு மடங்காக்கி வைத்திருந்தேன். திருப்பிக் குறைக்கவே இல்லை.

முதல் கரண்டி மாவு கூரைக்குப் போனது. அடுத்தது அத்தையின் மூக்குத்திக்கு. அப்புறம் அது ஆள் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பி, மாவு வாங்க நின்றிருந்த ஒருவரின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் தப்பவில்லை.

"நிறுத்துடி!"

"நிறுத்திட்டேன் அத்தை!"

"எங்கடி நிறுத்தன? சுத்துதே!"

"மெதுவாதான் அத்தை நிக்கும்!"

கடைசியில் மாமாதான் ஒரு தாம்பாளத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கிலோ கேட்டேன். அரை கிலோ போதும்மா. மீதி சட்டையிலயே இருக்குது."

ரூம் போச்சு, கடை போச்சு, மானமும் போச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மாமாவும் சேர்ந்துகொண்டார்.

"இந்தாங்க, அந்த ரூமை இவளுக்கே குடுத்துடுங்க."

"நெஜமாவா அத்தை?"

"ஆமாடி. ஊரான் மோட்டாருங்க எவ்ளோ கெடக்குது, அதுல போய் கத்துக்கோ. எங்க கிரைண்டரை விட்டுடு தாயே!"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். (என் புடவையும் போச்சு.)

இன்றைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். "இந்தப் பொண்ணை நம்பலாமா?" என்று யாராவது இழுத்தால் போதும், பக்கத்துக் கடையிலிருந்து அத்தையின் குரல் வரும்.

"தைரியமா வாங்குங்க. பண்ண வேண்டிய தப்பையெல்லாம் எங்க கிரைண்டர்லயே பண்ணி முடிச்சிட்டா!"