திருவேங்கடத்தின் குவாண்டம் பூட்டு

"இன்னாம்மே உடைஞ்சிது?" என்று திருவேங்கடம் கேட்ட கேள்வியில், எதிர்மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றல்கூட ஒருமுறை துள்ளி விழுந்தது.

"கத்தாத நைனா. பதினஞ்சு உடைஞ்சிது."

"பதினஞ்சு பேங்கு பூட்டா?"

"பதினஞ்சுங்கற நம்பரு. மூணு, அஞ்சுன்னு பிரிச்சிது."

திருவேங்கடம் நகரியில் விசைத்தறிக் கொட்டகை நடத்துபவர். தறிச் சத்தத்தை மீறிப் பேசியே முற்றிய தொண்டை. கரண்ட் போய்த் தறி நின்றாலும் அது நிற்காது. திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் மோனிகா, லீவுக்கு வந்த இடத்தில் குவாண்டம் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் புரோகிராமை வீட்டு லேப்டாப்பில் ஓட்டினாள். அதன் விசிறி, ரேணிகுண்டாவில் விமானம் கிளம்புவதுபோல் அலறியது.

"நெஜ மெஷினு பெருசா வந்தா, இதே கணக்குல இன்டர்நெட்டு பூட்டெல்லாம் தொறந்துக்கும் நைனா."

திருவேங்கடத்துக்கு வேர்த்தது. தீபாவளிச் சேலைக்கான மயில் பார்டர் டிசைன் இன்டர்நெட்டில்தான் பூட்டிக் கிடந்தது. நாளைக்குத் திருப்பதி ஜவுளிக்கடைக்காரர் பார்க்க வருகிறார். அதற்குள் எதிர்க் கொட்டகை ஹேமநாத் கையில் சிக்கினால் சீசனே அம்போ.

"ஹேமநாத் வூட்ல லேப்டாப்பு கீதா?"

"கீது. பசங்க கேம் ஆடுவாங்க."

"போச்சி! இப்பவே பாஸ்வேர்டை மாத்து. வேணாம், நானே மாத்தறேன். நீ காதை மூடிக்க. பெத்த பொண்ணா இருந்தாலும் ரகசியம் ரகசியம்தான்."

மோனிகா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டாள். கரண்ட் போய்த் தறிகள் நின்று தெருவே ஓய்ந்திருக்க, திருவேங்கடம் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார்.

அன்று இரவு தூக்கமும் வரவில்லை. போன் நம்பர் வழியாகக் குவாண்டம் புகுந்துவிட்டால்? கணக்கிலிருந்து அதையும் நீக்கி, லாக்-அவுட்டும் செய்தார்.

விடிந்ததும் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது.

"போன் நம்பரையும் எடுத்துட்டியா? இனிமே மீட்கவே முடியாதே நைனா!"

"உன் குவாண்டத்தை வுட்டு உடை!"

"ஒரு கியூபிட்டு, அதான் குவாண்டம் பிட்டு, கூட்டுனா லேப்டாப்புக்கு வேணுங்கற மெமரி ரெண்டு மடங்காவும். அஞ்செழுத்து பாஸ்வேர்டுக்கே இது மூச்சை வுட்டுடும்."

"நான் பெருமாள் பேரையே முழுசா போட்டுக்கீறேனே! அதுக்கப்பறம் இன்னா போட்டேன்னுதான் தெரில!"

இருந்தும் ஓட்டச் சொன்னார். லேப்டாப் கொதித்தது, தோசை வார்க்கலாம் போலிருந்தது. டேபிள் ஃபேனை வைத்தார். ஈரத்துண்டைப் போர்த்தினார். துண்டிலிருந்து சொட்டிய நீரில் லேப்டாப் அணைந்தேபோனது. அதே நேரம் போன் அடித்தது.

"புத்தூரு தாண்டிட்டேங்க. டிசைனை எடுத்து வைங்க," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

திருவேங்கடம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கொட்டகைகளுக்கு டீ கொடுக்கும் அலர்மேல்மங்கை பிளாஸ்க்கோடு வந்தாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்டி தொங்குது?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சிம்மா!"

"ப்பூ, அதுக்கா? பெருமாள் பேரு, அப்பறம் மயிலு, கடைசில ரெண்டு ஸ்டாரு."

மோனிகா தன் போனில் தட்டிப் பார்த்தாள். மயில் தோகையை விரித்தது.

திருவேங்கடம் வாழ்நாளில் முதன்முறையாகக் கிசுகிசுத்தார்: "உனக்கெப்டி தெரியும்?"

"நீதான நேத்து தெருவுக்கே ஓதிக்கினு இருந்தே."

டீயை ஊற்றி நீட்டியபடி அவள் சொன்னாள்: "பாவம், ஹேமநாத் அண்ணன்தான் நேத்து ஊர்ல இல்ல, உன் பழைய பாஸ்வேர்டு ஏன் தொறக்கலேன்னு காலைலேர்ந்து பொலம்பிக்கினு கீறாரு."