பக்கவாட்டில் பறந்த விண்கலம்

"நீலம் வருதா?" மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்காரரின் குரல் வந்தது.

"ஒண்ணும் வரலைப்பா. 'சிக்னல் இல்லை'ன்னு எழுத்துதான் வருது," என்றாள் மகள்.

"எழுத்து என்ன நிறம்?"

"வெள்ளை. அது டிவியோட சொந்த எழுத்து. அதுல நம்ம பங்கு எதுவும் இல்லை."

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. திரைச்சீலை வழியாக வெயில் வடிகட்டி வந்து கூடமெல்லாம் மங்கலாகக் கிடந்தது. கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு அந்த மரப்பெட்டி நின்றது. பழைய வீடியோ கேம் இயந்திரம். மாமனாரின் பின்கட்டுக் கொட்டகையில் பல வருடம் செருப்பு அலமாரியாக உழைத்துவிட்டு, அன்று காலைதான் வேனில் வந்து இறங்கியது. அதன் சொந்தத் திரை செத்துப்போயிருந்தது. உள்ளே இருந்த சர்க்யூட் பலகைக்கு மட்டும் உயிர் இருந்தது. அதன் படத்தை எப்படியாவது வீட்டு டிவியில் வரவழைத்துவிட வேண்டும் என்பது கண்ணாடிக்காரரின் திட்டம்.

காரணம் இருந்தது. அன்று அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள்.

மாமனார் ஒரு காலத்தில் விளையாட்டுக்கூடம் நடத்தினார். பன்னிரண்டு இயந்திரங்கள். மழைக்கு ஒதுங்கப்போய் ஒரு நாள் கண்ணாடிக்காரர் அதற்குள் நுழைந்தார். அதற்கு முன்பு அப்படி ஓர் இடத்தில் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. மூலையில் இருந்த இதே விண்கலப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். முதல் ஆட்டத்திலேயே எதிரிக் கப்பல்களைச் சுட்டுத் தள்ளினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து பக்கத்தில் நின்று அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஜெயித்த இடத்தில் மறுபடி ஆடுவது மரியாதை இல்லை என்று அதற்குப் பிறகு அவர் எந்தப் பெட்டியையும் தொடவில்லை.

இருபத்தைந்து வருடத்தில் மனைவியிடமிருந்து அவருக்கு எத்தனையோ பார்வைகள் கிடைத்திருக்கின்றன. அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போன நாளின் பார்வை, வேறு யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு வந்த நாளின் பார்வை. ஆனால் அந்தப் பழைய பார்வை மட்டும் திரும்ப வரவில்லை. அதை இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். மற்றபடி அவருக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது.

டிவி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"சார், அந்தக் காலத்துப் பலகை அஞ்சு கம்பியில பேசும்," என்றார் மெக்கானிக். "சிவப்பு, பச்சை, நீலம்னு நிறத்துக்கு மூணு. படத்தை ஆடாம பிடிக்கிறதுக்கு ஒண்ணு. எர்த் ஒண்ணு. உங்க டிவிக்கு எல்லாம் ஒரே கேபிள்ல வரணும். அது மெதுவாப் பேசும், இது வேகமாக் கேட்கும். நடுவுல கன்வர்ட்டர் வேணும்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல பேசி விடுற ஆள் மாதிரி?"

"அதேதான். கடையில இருக்கு. ஆள் அனுப்புங்க."

மகள் ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவு பெட்டி. ஆனால் அதன் கேபிளைச் செருக வேண்டிய இடம் டிவியின் முதுகில் இருந்தது. டிவியோ சுவரோடு ஒட்டி இருந்தது. கண்ணாடிக்காரர் திருகைக் கழற்றி மெல்ல இழுத்தார். டிவி வந்தது. கூடவே சுவரும் கொஞ்சம் வந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். அவள் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடித்து வந்து அரை மணி நேரம்தான் கண்ணை மூடியிருந்தாள்.

"என்னங்க இது, சுவத்துல இவ்வளவு பெரிய ஓட்டை?"

"பூசிடலாம்."

"எப்போ?"

"இன்னைக்கு எதையும் கேட்காதே. கல்யாண நாள்."

"அதான் கேட்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். டிவி சாப்பாட்டு மேஜைக்கு இடம் மாறியது. சாப்பாட்டு மேஜையில் இருந்ததெல்லாம் தரைக்கு வந்தது. சோபாவில் மாமனார் சாப்பிட்ட கையோடு ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். அவரை யாரும் நகர்த்தவில்லை.

கேபிளைச் செருகி மரப்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் டிவியில் படம் வந்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை. கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு படம் மேலே போய் மறையும்போதே அடுத்தது கீழிருந்து கிளம்பியது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"இவ்வளவும் மேலே போகுதே, எங்க போய்ச் சேருது?" என்றாள் மனைவி. தூக்கக் கலக்கத்தில் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நாலாவது கம்பியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்ததும் படம் சட்டென்று நின்றது. விட்டதும் ஓடியது. பிடித்தார், நின்றது.

"நான் பிடிச்சுக்கிட்டே இருந்தா நிக்குது," என்றார் பெருமையாக.

"அப்போ யாருப்பா ஆடுறது?"

அது அவருக்குத் தோன்றவில்லை. மகள் தன் அம்மாவின் தலையிலிருந்து கிளிப்பை எடுத்து வந்து கம்பியை இறுக்கிக் கவ்வ வைத்தாள். படம் அசையாமல் நின்றது. மனைவியின் கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

நின்ற படத்தில் பச்சை மட்டும் இல்லை. எல்லாம் ஊதாவாக இருந்தது. விண்கலம் ஊதா, நட்சத்திரம் ஊதா. அந்த வெளிச்சம் அரை இருட்டுக் கூடத்தில் பரவி, சுவரிலிருந்த ஓட்டையையும் தரையில் கிடந்த தட்டுகளையும் மாமனாரின் நரைத்த தலையையும் ஊதாவாக்கியது. மனைவியின் முகத்தில் அது மெல்ல ஏறி இறங்கியது. வெளியே யாரோ சைக்கிளில் போன சத்தம்கூட எங்கோ வெகு தொலைவில் கேட்டது. வீடு இருந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் மிதந்துவிட்டதாகக் கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அவருக்கு அது பிடித்திருந்தது.

"இப்படியே விட்டுடுங்களேன். நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

"இல்லைம்மா. அன்னைக்கு எதிரிக் கப்பல் பச்சை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

விட்டிருக்கலாம். மனிதர் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்துக்குப் போடும் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கன்வர்ட்டரில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று குட்டித் திருகுகள் இருந்தன. அதற்குப் பிறகு கூடம் அவருடைய கடையாகிவிட்டது.

"இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னாடி தெளிவா இருந்ததா?"

"முன்னாடி," என்றாள் மகள்.

"இப்போ?"

"அதுக்கும் முன்னாடி."

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு."

"அப்பா, கோளாறு டிவியில. எங்க கண்ணுல இல்லை."

திருகத் திருக வானம் ஊதாவிலிருந்து ரோஜா நிறமாகி, அங்கிருந்து ஆரஞ்சாகி, கடைசியில் எல்லாம் ஒரே வெள்ளையாக வெளுத்துப்போனது. மனைவி கண்களைப் பொத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான், பச்சைக் கம்பியே கழன்று தரையில் கிடப்பதை மகள் கண்டுபிடித்தாள். அதைச் செருகியதும் கரிய வானத்தில் பச்சைக் கப்பல்கள் பளிச்சென்று தெரிந்தன.

தெரிந்தன, ஆனால் பக்கவாட்டில். நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. வானம் இடது பக்கம் இருந்தது. தரை வலது பக்கம் இருந்தது. எழுத்துகள் எல்லாம் செங்குத்தாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

மறுபடி போன்.

"படம் சரியாத்தான் சார் வருது," என்றார் மெக்கானிக். "அந்த மாதிரிப் பெட்டியில பிக்சர் டியூபையே நெட்டுக்கு வச்சிருப்பாங்க. உங்க டிவிதான் படுத்திருக்கு."

படுத்திருந்த டிவியை எழுப்ப முடிவானது. மேஜையில் அதை நெட்டுக்கு நிறுத்தி, பின்னால் இரண்டு தலையணை முட்டுக் கொடுத்து, மெதுவாகக் கையை எடுத்தார்கள். டிவி ஒரு விநாடி யோசித்தது. பிறகு வழுக்கியது. மனைவி பாய்ந்து பிடிக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிடித்த பிறகு பார்த்தால், திரையின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது.

அவள் டிவியைப் பழையபடி மேஜையில் உட்கார வைத்தாள். கோட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த பார்வை அது அல்ல.

"நான் படுக்கறேன்," என்றாள். "நாளைக்கும் காலை ஷிஃப்ட்."

கண்ணாடிக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"ஒரே ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போ," என்றார். "கடையில நான் யாருக்கும் பெருசா ஒண்ணும் செஞ்சிடலை. வீட்லயும் இல்லை. உருப்படியா ஒண்ணு செஞ்சேன்னா அது அன்னைக்கு ஆடினதுதான். அதை நீ மட்டும்தான் பாத்தே. இன்னொரு தடவை நீ பாக்கணும்னு இருக்கு."

அவள் உள்ளறை வாசற்படியில் நின்றாள். திரும்பவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"பக்கவாட்டுல வர்றதை எப்படிங்க பாக்கறது?" என்றாள் கடைசியில்.

"எனக்கு நேராத்தான் தெரியுது," என்றார் மாமனார்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தபடியே கண்ணைத் திறந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உடனே ஒரு போர்வையைத் தரையில் விரித்து அவர் படுத்திருந்த பக்கமாகவே படுத்தாள். "ஆமாம்மா, நேரா இருக்கு. வா," என்றாள். மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவளும் வந்து, மகளின் தலையணையில் பாதியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

கண்ணாடிக்காரரால் படுக்க முடியாது. கைப்பிடி மரப்பெட்டியில் இருந்தது. அவர் பெட்டி முன்னால் நின்று, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கைப்பிடியைப் பிடித்தார்.

ஆட்டம் தொடங்கியது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் போயிருக்கும், அதனால் என்ன. பச்சைக் கப்பல்கள் அணி அணியாக வந்தன. அவருடைய விண்கலம் விலகியது, சுட்டது, நழுவியது, மறுபடி சுட்டது. ஒரு பொத்தானை அழுத்தலாம் என்று நினைப்பதற்குள் குண்டு கிளம்பிவிட்டது. இடது பக்கம் போகலாம் என்று கை அசைவதற்குள் கலம் அங்கே போய் நின்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை எதையும் மறக்கவில்லை. கையை விடவும் கலம் அவர் மனதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தது. தோள்வலி, கடை, சுவரிலிருந்த ஓட்டை எல்லாம் எங்கோ போய்விட்டன. கரிய வானத்தில் அவர் ஒருவர் மட்டும் இருந்தார்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. மனைவி எழுந்து வந்து நின்றிருந்தாள். கூந்தல் இன்னும் அவிழ்ந்தபடியே இருந்தது. அவள் டிவியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

அதே பார்வை. கொஞ்சமும் குறையவில்லை.

கண்ணாடிக்காரருக்குக் கண் நிறைந்து, கப்பல்களெல்லாம் கலங்கித் தெரிந்தன. அப்போதும் குறி தப்பவில்லை. "பாத்தியா," என்றார் மெதுவாக. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அவள்.

தரையில் படுத்திருந்த மகள் தலையணையோடு நகர்ந்து சோபாவுக்குக் கீழே வந்தாள்.

"தாத்தா," என்றாள் ரகசியமாக. "திரையில கீழே 'காசு போடவும்'னு மின்னுதே, ஏன்?"

"யாரும் காசு போடலைன்னா பெட்டி தானா ஆடிக் காட்டும்மா. வர்ற ஆளை இழுக்கறதுக்கு."

மகள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் கைப்பிடியை வளைத்து வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்போ அப்பா ஆடவே இல்லையா? அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"சும்மா படு," என்றார் தாத்தா. "அன்னைக்கும் உங்கப்பா காசு போடலை, சொல்லலாம்னு நான் கிளம்பினேன், உங்கம்மாதான் என் கையைப் பிடிச்சு, 'வேண்டாம்ப்பா, எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பாருங்க'ன்னு சொல்லிட்டு, பக்கத்துல போய் நின்னா."