ரவை கேட்ட எட்டுக்குண்டு

கையில் துப்பாக்கி இருந்தும் ஒரு பன்றிகூட மதிக்காத மனிதர் காரைக்குடியில் ஒருவர்தான். தெருவே அவரை எட்டுக்குண்டு என்றது. அவர் கோபப்பட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான் பட்டிருக்கிறேன். பக்கத்து வீடு.

மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வேட்டை ரிவால்வர் அது. நீளமான குழல். மற்ற ரிவால்வரில் ஆறு குண்டு போட்டால் இதில் எட்டு. குண்டு மட்டும் கடலைப்பருப்பு அளவு.

"இந்த மாடல் இந்த ஜில்லாவுலயே நம்மகிட்ட மட்டுந்தான் தம்பி" என்பார். மற்றவர்கள் ஏன் வாங்கவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நேமத்தான்பட்டிப் பக்கம் அவருக்குக் கடலைக்கொல்லை. காட்டுப்பன்றியை விரட்டத்தான் லைசென்ஸ். ஒரு விடியற்காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து பன்றிகள் தோண்டிக்கொண்டிருந்தன. வானத்தைப் பார்த்துச் சுட்டார். சோடா உடைத்த மாதிரி ஒரு சத்தம். பெரிய பன்றி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு மறுபடி தின்றது.

"பயந்துருச்சு பாத்தியா?"

"எங்கண்ணே பயந்துச்சு? திங்குது."

"திங்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுச்சுல்ல?"

கடைசியில் நான் தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றிகள் போயின.

குண்டு தீர்ந்தது. கூடுதலாக வாங்க அனுமதி கேட்டு மனு எழுத உட்கார்ந்தார்.

"தோட்டான்னு போடுங்கண்ணே. அப்பத்தான் புரியும்."

"அது தமிழ் இல்லப்பா. ரவைதான் தமிழ்."

'பன்றித் தொல்லை காரணமாக எனக்கு ஐம்பது ரவை தேவைப்படுகிறது' என்று எழுதினார். துப்பாக்கி என்ற வார்த்தையே மனுவில் கிடையாது. இரண்டு மாதம் கழித்து, ரேஷன் பொருள் வழங்கும் பிரிவிலிருந்து பதில் வந்தது: 'பன்றிகளுக்குத் தீவனமாக ரவை வழங்க வழிவகை இல்லை.'

வாசலில் நின்று கத்தினேன். "தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டீகளா?"

"இருந்தாலும் பதில் போட்டாக பாரு" என்றார் பெருமையாக.

அதற்குள் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. புதுப்பிக்காவிட்டால் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால், கண் நன்றாகத் தெரிகிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் கண்ணையோ சர்க்கரை நோய் முக்கால்வாசி தின்றிருந்தது. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய், அவரைத் திட்டிக்கொண்டே, கண் பார்க்கும் அறைச் சுவரிலிருந்த பலகையின் எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தேன். விடிய விடிய மனப்பாடம் செய்தார்.

டாக்டர் படிக்கச் சொன்னதும் ஓர் எழுத்து பிசகாமல் மேலிருந்து கீழ்வரை ஒப்பித்தார்.

"எல்லாஞ் சரிதாய்யா" என்றார் டாக்டர். "ஆனா நீங்க பாக்குறது காலண்டரு. போர்டு இங்குட்டு இருக்கு."

மறுநாள் ரிவால்வரைத் துணிப்பையில் வைத்து மடியில் அணைத்தபடி என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஸ்டேஷனில் பெண் காவலர் ஒருவர் வாங்கி எழுதினார்.

"தாயி, ஈரம் படாம வைங்க. சின்னதுன்னு அலட்சியமாப் போட்டுராதீக."

"துணியில சுத்தி வைக்கிறேன்யா. நீங்க போயிட்டு வாங்க."

வெளியே வந்து ரசீதை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"என்ன போட்டுருக்காக தம்பி?"

'பழைய கைத்துப்பாக்கி, சிறியது, ஒன்று' என்று இருந்தது.

"'மிக அபூர்வமான வேட்டை ரிவால்வர், நல்லாப் பராமரிக்கப்பட்டது'ன்னு போட்டுருக்குண்ணே" என்றேன்.