வீரன் எழும்பாத நாள்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும், நாயிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிற மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் "இரு அண்ணை".

அவருடைய நாய்க்குப் பெயர் வீரன். ரயில் வந்தால் கட்டிலுக்குக் கீழே. குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்குக் கீழே. தேங்காய் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பயம் தெளியட்டும் என்று ஒருநாள் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். தும்மியது. தன் தும்மலுக்கே பயந்து ஓடியது.

இந்த வீரனைத்தான் அண்ணை நாய்ப் போட்டிக்குப் பழக்கினார். நாயை இருத்திவிட்டு ஆள் மறைந்துவிட வேண்டும். நடுவர் விசில் ஊதும்வரை நாய் எழும்பக்கூடாது. முந்தின வருடம் வீரன் எழும்பி ஓடி, நடுவரின் கதிரைக்குக் கீழே புகுந்து, கதிரையையும் அவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, முடிவாகச் சொல்லிவிட்டார்:

"இந்த முறையும் ஓடினால் நாயை அரியாலைக்கு, என்ரை தம்பி வீட்டை அனுப்பிப்போடுவன்."

அன்றிலிருந்து ஒழுங்கையில் காலையும் மாலையும் "இரு!" என்ற சத்தம்தான். தபால்காரர் சைக்கிளிலிருந்து குதித்து நின்றார். என் மாமனார் சாப்பாட்டுக் கோப்பையோடு அப்படியே குந்திவிட்டார். எழும்பி ஓடியது வீரன் மட்டும்தான்.

கடைசியில் அண்ணையே வழி கண்டு என்னிடம் சொன்னார். "தம்பி, நான் திரும்பி வரமாட்டனெண்டுதான் உவன் பயப்பிடுறான். நாங்கள் வீட்டிலை சொல்லாமல் வெளிக்கிடுறமோ?"

அதற்குப் பிறகு வாசல் படலையடியில் குனிந்து, "இரு ராசா, போட்டு வாறன்" என்பார். வீரன் நடுங்கியபடியே, ஆனால் எழும்பாமல் இருந்தது!

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: "என்னட்டை ஒருநாளாவது உப்பிடிச் சொல்லியிருப்பியளே?"

போட்டியன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நானும் போனேன். அண்ணை குனிந்து, "இரு ராசா, போட்டு வாறன்" என்றார். அதே பழைய நடுவர் தடுத்தார்.

"ஒரு கட்டளைதான் சொல்லலாம்."

"ஐயா, இது கட்டளையில்லை, மரியாதை. சொல்லாமல் போனால் ஆருக்கும் மனம் பதறுந்தானே?"

நடுவர் தன் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரி, போங்கோ" என்றார்.

அண்ணை படங்குத் துணி மறைப்புக்குப் பின்னால் போனார். வெளியே ஓர் ஆட்டோ வெடிபோலச் சத்தம் போட்டது. வீரனின் காது, வால், வயிறு எல்லாம் ஆடின. நான் கண்ணை மூடித் தேவாரம் தொடங்கினேன். பாதியில் சனம் "ஐயோ!" என்றது. கண்ணைத் திறந்தால், வீரன் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மறைப்பைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தது அண்ணை. ஒரு காலில் செருப்பும் இல்லை.

"என்ரை குஞ்சு, இருக்கிறியோடா?"

"நாய் பாஸ். நீங்கள் பெயில்" என்றார் நடுவர்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அரியாலைக்கு அனுப்ப வேண்டியது நாயையில்லை, உந்த மனுசனை!"

இருவரையுமே அவர் அனுப்பவில்லை. விளக்கேற்றிக் கும்பிடும்போது, என் பிள்ளைகளுக்குப் பிறகு இப்போது இரண்டு பெயர் கூடுதலாகச் சொல்கிறேன். அதில் ஒன்று நாயின் பெயர். பிள்ளையார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.