பரங்கிப் பிஞ்சைச் சுட்டிக் காட்டிய மைத்துனனுக்கு

வனத்து அந்தோணியார் துணை

செஞ்சி,
28 டிசம்பர் 1943

திண்டிவனத்தில் விதைக் கிடங்கில் குமாஸ்தாவாக இருக்கும் மைத்துனன் செபாஸ்தியானுக்கு, உன் அக்காள் அமலோற்பவத்தின் புருஷன் ஆரோக்கியநாதன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்காளும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீ சௌக்கியமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

தாலுகா கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்து வேலை பார்த்து ரிட்டயரானவன் நான். என் பாட்டுக்கு இருந்தேன். ஆடி மாதம் நீ விதைப் பொட்டலங்களோடு பஸ்ஸை விட்டு இறங்கி, "சும்மாதான குந்திகினு இருக்கறீங்க மாமா, கொல்லையில நாலு வெதையப் போடுங்க. சண்டைக் காலம், காய்கறி எங்க கெடைக்குது?" என்றாய். உன்னை அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றியிருக்க வேண்டும். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. முழுசாகப் போட்டுவிட்டு, இருபது நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆவணியில் தளதளவென்று வந்த கீரையைப் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளின் ஆடு தின்றது. அன்றிலிருந்து அந்த அம்மாளோடு எனக்குப் பேச்சில்லை, அவள் வீட்டுப் பக்கம் முகம் திருப்புவதும் இல்லை. புரட்டாசியில் வெண்டை காய்த்ததோ இல்லையோ, ராஜகிரி மலைக் குரங்குகள் குடும்பத்தோடு இறங்கி வந்தன. வைக்கோல் பொம்மை ஒன்று நட்டு, அதற்கு என் கச்சேரிக் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் மாட்டிவிட்டேன். குரங்குகள் அதன் தோளிலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் தின்றன. சிங்கவரத்துத் தாண்டவராயன்தான் பயந்தார். நான் ரிட்டயரானது தெரியாமல் பட்டா மாற்றும் மனுவோடு வந்த மனிதர், வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் பொம்மைக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார். நான் போய் என்ன என்று கேட்டால், "ஐயாதான் நிக்கறாருன்னு நெனச்சிக்கினேன். எப்பவும் போல பதிலே சொல்லலியே" என்கிறார்.

அத்தனையும் பொறுத்துக்கொண்டேன். பரங்கி விஷயத்தைப் பொறுக்க மாட்டேன். பட்டாளத்தில் இருக்கும் எங்கள் மகன், உன் மருமகன் அருள்சாமியிடமிருந்து நாலு மாதம் கடிதம் இல்லாமல் உன் அக்காள் சோறு இறங்காமல் கிடந்தது உனக்குத் தெரியும். கடிதம் வந்தால், எங்கள் கொல்லையில் விளையும் முதல் பரங்கிக்காயைத் தை மாதத் திருநாளில் வனத்து அந்தோணியாருக்குக் கொடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். ஐப்பசி முதல் வாரம் கடிதம் வந்தது. பர்மா எல்லைப் பக்கம் எங்கேயோ இருக்கிறானாம், சுகமாம். அதே வாரம் கொடியில் ஏழு பிஞ்சு. நான் சந்தோஷப்பட்டேன், செபாஸ்தியான். வாய்விட்டுச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட அப்படிச் சந்தோஷப்படவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வந்த நீ, கை கழுவின ஈரம் காயுமுன் கொல்லைக்குப் போய், ஆள்காட்டி விரலை முழு நீளத்துக்கும் நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஏழு பிஞ்சையும் காட்டினாய். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும், மடக்கித்தான் காட்ட வேண்டும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பங்குச் சாமியார் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைப்பார். தன் கொல்லைச் சுரைக்காயைக் காட்டும்போது அவரும் விரலை மடக்கிக்கொண்டுதான் காட்டுகிறார். விதைக் கிடங்கில் சம்பளம் வாங்குகிற உனக்குத் தெரியாதா?

பத்தே நாளில் ஏழும் அழுகி விழுந்தன. மழையினால்தான் என்று சொல்லாதே. மழை போன வருஷமும் பெய்தது. இதை எழுதினால் நீ எனக்கு எழுதிய பதிலைப் பார்! "சந்தையில ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க மாமா, அந்தோணியாருக்கு இன்னா தெரியப் போவுது?" வீட்டுக் கொல்லையில் விளைந்தது என்று நேர்ந்துவிட்டுச் சந்தைக் காயை நீட்டச் சொல்கிறாயா? பையன் இன்னும் சண்டையில்தான் இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அக்காள் காய்ந்துபோன கொடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆகையால் திருநாளுக்கு நீ செஞ்சி எல்லையை மிதிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் கூடாது. உன் மனைவி இருதயமேரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம் பூரணமாக உண்டு. அதில் உனக்குப் பங்கு இல்லை.

இப்படிக்கு,
ஆரோக்கியநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் அக்காள் வாங்கிப் படித்தாள். "எந்தம்பி ஒரு தடவ காட்டினான். நீங்க தபால்காரருக்குக் காட்டல? சாமியாருக்குக் காட்டல? நெதம் காலைல பல்லு வெளக்கிகினே வெரல நீட்டி நீட்டி எண்ணல?" என்று கேட்டாள். நான் கடிதத்தை அவள் கையிலிருந்து திரும்ப வாங்குவதற்குள் பவுனம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். "உங்க பரங்கிக் கொடி எங்க கூரை மேல ஏறி, அந்தாண்டப் பக்கம் ஒண்ணு காச்சிருக்குதும்மா. நல்லா முத்திப்போச்சி. இத்தினி நாளும் நான் வாயத் தொறக்கல. சொன்னா ஐயா வந்து வெரல நீட்டுவாரு" என்றாள். உன் அக்காள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். தை பிறந்ததும் முதல் பஸ்ஸில் புறப்பட்டு வா. அந்தக் கூரை என் எடையைத் தாங்காது, நீதான் ஏறி இறக்க வேண்டும். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வலது கையை வேட்டி மடிப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு, இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.