புழுவுக்குப் போட்ட எண்ணெய்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

உன் பேக்கரி மாமா எழுதுவது. இங்கே நான், அத்தை, அடுப்பு மூவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

நிற்க. உன் புழு விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சிக்கூடத்தில் நூல் துணுக்கு மாதிரி நெளியும் புழுக்களைத் தட்டில் வளர்த்து, "முட்டை போடற புழுவுக்கு உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஆயுசு குறையுது மாமா. ஆனா ஆலிவ் எண்ணெய்ல இருக்கிற கொழுப்பைக் கொடுத்தா, முட்டையும் போடுது, ஆயுசும் குறையல" என்று போனில் சொன்னாயே, அது எனக்கு மாவு பிசையப் பழகிய நாளிலிருந்தே தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ போன் செய்த மறுநாளே வெண்ணெயை நிறுத்திவிட்டு பிஸ்கட் முழுக்க அந்த எண்ணெயிலேயே போட்டேன். அடுப்பைத் திறந்தால் தட்டு அகலத்துக்கு ஒரே பிஸ்கட்! எல்லாம் உருகி, ஒன்றோடொன்று சம்பந்தம் பேசி முடித்திருந்தன. எதிர்க்கடைத் தையல்காரர் அளவு டேப்போடு வந்து, "இதை எப்படிண்ணே விப்பீங்க, மீட்டர் கணக்குலயா?" என்றார். உன் அத்தை சும்மா இருப்பாளா? "புழுவுக்குப் போடறத பிஸ்கட்டுக்குப் போட்டா இப்படித்தான். நீங்க என்ன முட்டையா போடப் போறீங்க?" என்றாள். தெருவே சிரித்தது. ஆனால் ஒரு பெரிய அதிகாரி காரை நிறுத்தி அதை முழுசாக வாங்கிப் போனதை மட்டும் ஒருவரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

அது கிடக்கட்டும். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி, "அப்போ அம்மாவும் என்னைப் பெத்ததாலதான் சீக்கிரம் போயிட்டாங்களா மாமா?" என்று கேட்டாய். அடுப்பில் பன் கருகுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குத்தான் அம்மாடி இந்தக் கடிதம். உன் அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே இதயம் பலவீனம். உனக்கு ஆறு வயதாகும் வரை அவள் இருந்ததே பெரிது. கடைசியில் பார்த்த பெரிய டாக்டர், ஏழடி உயரம், தங்க பிரேம் கண்ணாடி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு பொறந்ததாலதான் இவங்க இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சாங்க" என்றார். படித்தவர் சொன்னது. ஆகவே பயத்தை விடு, வயிறாரச் சாப்பிடு. பிள்ளையைப் பெற்று, அதன் பிள்ளையையும் மடியில் போட்டுக் கொஞ்சி, நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆயுளில் பாதிக்குப் பொறுப்பேற்கும்
மாமா

பி.கு.: அப்படி ஒரு டாக்டர் கிடையாது. நீ படித்தவள், டாக்டர் சொன்னால்தான் நம்புவாய் என்று அவரை நானே உண்டாக்கினேன். சொன்னது உன் அம்மா. நான் பன் கொண்டுபோயிருந்தேன், நீ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். "இவ பொறந்ததாலதான்டா நான் இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சேன்" என்றாள். அதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.